அப்பாவின் டி செல்கள்

எங்கள் வீட்டில் சிறுநீரைப் பற்றி வெட்கப்படாமல் பேசுவோம். சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதும் பேசுவோம். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைக் கேட்டு நெளிந்தார். "உங்க வீட்ல வேற பேச்சே கிடையாதா?" என்று தனியாகக் கேட்டார். என் அப்பாவுக்கு நடந்ததை முழுதாகச் சொன்ன பிறகு அவரும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டார்.

அப்பா சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். எண்பதுகளில் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வேகம் பிடித்தபோது, நொய்யல் ஆற்றுப் பக்கம் புதிதாகக் கிளம்பிய பட்டறை ஒன்றில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அளவு துணி ஒன்று வரும். அதைக் கதவோரம் கொண்டுபோய் வெயிலில் திருப்பிப் பார்ப்பார். எந்தச் சாயத்தில் எவ்வளவு போட்டால் அந்த நிறம் வரும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் முதல் தடவையே நிறம் சேர்ந்துவிடும். அதில் அவருக்குப் பெருமை அதிகம். அவர் அளவுக்கு எங்களுக்கும் இருந்தது.

அந்தக் காலத்தில் யாரும் கையுறை போட்டதில்லை. சாயப்பொடியைக் கையாலேயே அள்ளினார்கள். துப்பினால் நீலம் வரும், மூக்கைச் சிந்தினால் மஞ்சள் வரும். ஆண்கள் ஒதுங்கிவிட்டு வந்து, இன்றைக்கு என்ன நிறத்தில் போனது என்று ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொள்வார்களாம். அதனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனபோது அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலி இல்லை, எரிச்சல் இல்லை. இரண்டு நாளில் தானாக நின்றும் போனது.

கண்டுபிடித்தது அம்மாதான். பக்கத்தில் மண்ணரை என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் அம்மா செக்கிங் வேலை பார்த்தாள். நாளெல்லாம் துணியில் கறை தேடும் கண். துவைக்க எடுத்த வேட்டியில் ஒரு பொட்டுக் கறையைப் பார்த்ததும் அப்படியே கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"ஏனுங்க, இது என்னுங்க?"

"மெரூன் லாட்டு ஓடுதல்ல, அதான்."

"மெரூன் முடிஞ்சு எத்தனை நாளாச்சு? இப்பப் பச்சைதான் ஓடுதுன்னு நேத்துத்தானே சொன்னீங்க?"

அப்பா வேட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அப்போது கோயமுத்தூரில் தங்கி எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்துத் தெருக் கடையிலிருந்து விடுதிக்குப் போன் செய்தாள். மறுநாள் இருவரும் பஸ் ஏறி வந்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

சிறுநீர்ப்பையின் உள்தோலில் சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தன. புற்றுநோய்தான், ஆனால் இன்னும் மேலாகவே இருக்கிறது, ஆழமாக இறங்கவில்லை என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை உள்ளே விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து "டையிங் மாஸ்டருங்க" என்றார். டாக்டர் அப்பாவின் கை நகங்களைப் பார்த்தார். சில சாயங்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு, உங்களுக்கு அதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் இனிமேல் வெறுங்கையால் தொடாதீர்கள் என்றார்.

சில மாதங்களில் கட்டிகள் மறுபடி வந்தன. மறுபடி சுரண்டினார்கள். அப்புறம் டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு வயிற்றின் மேல் ஒரு பையைக் கட்டிக்கொள்வது. இன்னொன்று, குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் இருக்கத் தோளில் போடுகிறார்களே, அந்த பி.சி.ஜி. மருந்தைக் கரைத்துச் சிறுநீர்ப்பைக்குள் விடுவது.

"அது மருந்துங்களா, கிருமிங்களா?" என்று கேட்டார் அப்பா.

"வலுவிழக்கச் செஞ்ச கிருமி. உயிரோடதான் இருக்கும்."

அப்பா எழுந்து கும்பிட்டார். "ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்றனுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமளாபுரத்திலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், தறி வைத்திருப்பவர், எங்கள் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது. வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்டா, சீக்கு வராம இருக்க ஊசி போடுவாங்க, வந்தா மாத்திரை குடுப்பாங்க. இல்லாத சீக்கைக் கொண்டாந்து உள்ள உடறதை எங்கயாச்சும் கேட்டிருக்கயா? நாளைக்குக் காசம் புடிச்சா ஊட்ல எல்லாத்துக்குமில்ல ஒட்டும்? பையைக் கட்டிக்கிட்டுக்கூடப் பொழைச்சுக்கலாம்."

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.

"இதையெல்லாம் படிக்கத்தானே கண்ணு காலேஜுக்குப் போற? ஒக்காரு. அண்ணனுக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

பெரியப்பா இருக்கும்போது நான் உட்கார்ந்து பேசியதே கிடையாது. அந்த வருடம் எனக்கு நோயெதிர்ப்பியல் ஒரு பாடம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் தேர்வுத்தாளில் எழுதுவது வேறு, அப்பாவின் உடம்பைப் பற்றி அப்பாவிடமே சொல்வது வேறு. சுலபமாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்து, "அப்பா, இப்ப நம்ம கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டுக்காரன் வர்றான்னு வெச்சுக்குங்க..." என்றேன்.

அப்பா கையை உயர்த்தினார். "பனியனை வெச்சுச் சொல்லாதே அம்மிணி. பனியன் எனக்குத் தெரியும். ஒடம்புக்குள்ள என்ன நடக்குதோ அதைச் சொல்லு."

சரி என்று உள்ளபடியே சொன்னேன்.

புற்றுச் செல்லும் நம் உடம்பில் பிறந்ததுதான், ஆனால் அதன் புரதங்கள் சில மாறிப்போயிருக்கும் என்றேன். நம் தோலிலும் உள்தோல்களிலும் நீளநீளமாகக் கை நீட்டிக்கொண்டு சில செல்கள் இருக்கின்றன, டென்ட்ரிடிக் செல்கள் என்று பெயர். பக்கத்தில் செத்து உடையும் செல்களை அவை விழுங்கும். விழுங்கிய புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கும். ஒரு துண்டை எடுத்து, தன் மேற்பரப்பில் அதற்கென்றே இருக்கும் பள்ளத்தில் பதித்து வெளியே தெரியும்படி நீட்டிக்கொள்ளும். அதோடு கிளம்பி நெறி கட்டுகிற இடம் இருக்கிறதே, அந்த நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்துபோகும். ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒவ்வொரு துண்டைத்தான் அடையாளம் தெரியும். எத்தனையோ செல்கள் அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். எதற்குப் பொருந்துகிறதோ அது மட்டும் நின்றுவிடும். நின்றது பெருக ஆரம்பிக்கும். பெருகியவை ரத்தத்தில் கலந்து வந்து, அதே துண்டு எந்தச் செல்லின் மேல் தெரிகிறதோ அந்தச் செல்லைக் கொல்லும்.

அப்பா தரையைப் பார்த்தபடி யோசித்தார்.

"எல்லாஞ் செரி. அப்ப என்ற ஒடம்புலயும் அந்தக் கை நீட்டற செல்லு இருந்திருக்குமல்ல?"

"இருந்திருக்கும்ங்கப்பா."

"கட்டி இத்தனை மாசமா அங்கயேதான் கெடந்துச்சு. அது ஏன் காட்டிக் குடுக்கல?"

நான் படித்த பாடத்தில் அது இல்லை. இருந்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கவில்லை. "தெரியலீங்கப்பா. கேட்டுக்கிட்டு வந்து சொல்றனுங்க" என்றேன். பெரியப்பா சிரித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. "கேட்டுக்கிட்டு வா சாமி" என்றார்.

திங்கட்கிழமை காலை எங்கள் பேராசிரியையின் அறைக்குப் போனேன். கறாரானவர், வகுப்பில் கேள்வி கேட்டால்கூட நேரமாகிறது என்பார். அப்பா கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதை யார் கேட்டாங்கன்னு சொன்னே?" என்று மறுபடி கேட்டார். அப்புறம் மதியம் வரை என்னோடு உட்கார்ந்து, நூலகத்திலிருந்து வரவழைத்த புத்தகங்களை விரித்து விளக்கினார்.

துண்டைக் காட்டுவது மட்டும் போதாது. காட்டுகிற செல் இங்கே ஆபத்து இருக்கிறது என்கிற இன்னொரு சைகையையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அந்த இரண்டாவது சைகை இல்லாமல் வெறும் துண்டை மட்டும் பார்க்கிற டி செல் விழித்துக்கொள்ளாது, சில சமயம் மரத்தே போய்விடும். புற்றுநோய் வெளியிலிருந்து வருவதில்லை, சத்தமில்லாமல் வளர்கிறது. அதனால் ஆபத்துச் சைகை எழாமலே போய்விடலாம். காசநோய்க் கிருமி அப்படியில்லை. அது இருக்கும் இடத்தில் உடம்பு பதறிப்போகும். சிறுநீர்ப்பைக்குள் அதை விட்டால் காட்டுகிற செல்கள் முழு விழிப்போடு வேலைக்கு இறங்கும், கிருமியோடு சேர்த்துப் பக்கத்திலிருக்கும் புற்றுச் செல்லையும் காட்டிக்கொடுக்கும், டி செல்கள் திரண்டு வரும்.

"இப்படித்தான் நடக்குதுன்னு நெனைக்கிறாங்க" என்றார் பேராசிரியை. "முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. அதையும் அப்பாகிட்ட மறைக்காம சொல்லு."

மறைக்காமல் சொன்னேன். அப்பா இரண்டு முறை திருப்பிக் கேட்டார். பிறகு டாக்டரிடம் போய் அந்தக் கேள்வியையே அவரிடமும் கேட்டார். அதுவரை எங்களோடு நின்றபடியே பேசிய டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு காகிதத்தில் சிறுநீர்ப்பையை வரைந்து, பேராசிரியை சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னார். எல்லோருக்கும் பலிப்பதில்லை, சிலருக்குக் கிருமி உடம்பில் பரவிக் காய்ச்சல் நிற்காமல் போகலாம், அப்படி ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"உட்டுப் பாக்கலாமுங்க" என்றார் அப்பா. வெளியே வந்ததும் அம்மாவிடம், "என்ற ஒடம்புல ஆளுக இருக்காங்க புள்ள. எழுப்பறதுக்குத்தான் ஒருத்தன் வேணும்" என்றார்.

வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம். மருந்து மெட்ராசிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அப்பா கோயமுத்தூர் வருவார். மெல்லிய குழாய் வழியாக மருந்தை உள்ளே விட்டதும் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு படுத்திருக்கவேண்டும். மருந்து எல்லாப் பக்கமும் படவேண்டும் என்று வலப்பக்கம், இடப்பக்கம், குப்புற, மல்லாக்க என்று திரும்பித் திரும்பிப் படுக்கவேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அம்மா "திரும்புங்க" என்பாள். அப்பா திரும்புவார். பக்கத்துப் படுக்கைக்காரர் தன்னைச் சொல்வதாக நினைத்து அவரும் ஒருதரம் திரும்பிப் படுத்தார்.

அன்றைக்குப் போகிற சிறுநீரில் உயிருள்ள கிருமி இருக்கும், கழிவறையில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றவேண்டும் என்று நர்ஸ் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பவுடருக்குங்களா திருப்பூர்ல பஞ்சம்?" என்றாள். துணி வெளுக்கப் பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கிடப்பதுதான். அங்கே வேலை செய்தவர்கள் கேட்காமலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

முதல் இரண்டு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. செல்கள் விழிக்கவில்லையோ என்று எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. மூன்றாவது தடவை முடிந்து ஊருக்குப் போனதும், பொழுது சாய அப்பாவுக்குக் குளிர் எடுத்தது. பல் தந்தியடித்தது. சிறுநீர் போகும்போது நெருப்பாக எரிகிறது என்றார். நான் விடுமுறைக்காக வீட்டில்தான் இருந்தேன். அம்மா ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டே அழுதாள். "பெரியவிய சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்று பெரியப்பாவை நினைத்துச் சொன்னாள்.

போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அம்மிணி, ஆளுக வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கன்னுதான் நெனைக்கிறனுங்கப்பா."

"வரட்டும், வரட்டும்."

அவரிடம் தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் பயம்தான். இது டி செல்கள் திரண்டு வருகிற காய்ச்சலா, கிருமியே ரத்தத்தில் பரவுகிற காய்ச்சலா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் மதியம் அப்பாவுக்கு வேர்த்தது. காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்ததில்லை.

மிச்ச வாரங்களும் காய்ச்சலும் எரிச்சலுமாகப் போயின. மூன்று மாதம் கழித்து டாக்டர் கருவியை விட்டுப் பார்த்தார். அப்பாவை வெளியே கூட்டிவரும்போதே முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார். "சுத்தமா இருக்கு. ஒரு கட்டிகூட இல்லை."

அப்பாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் கேட்டது வேறு. "அந்த ஆளுக எல்லாம் போயிருவாங்களா, அங்கயே இருப்பாங்களா?"

"பெரும்பாலும் போயிடும். சிலது ஞாபகத்தோட இருந்துக்கும். நீங்க மட்டும் செக்கப்புக்கு வர்றதை மறந்துடாதீங்க" என்றார் டாக்டர்.

அப்பா மறக்கவில்லை. சாமளாபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பாவே ஊராரிடம், "எங்க புள்ளைதான் எல்லாத்தையும் புரியவெச்சுது. நாந்தான் வேண்டாம்னு சொன்னவன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். எந்த இடத்து நோய் என்று கேட்டவர்களுக்கு அதையும் உரக்கவே சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பட்டறைக்குத் திரும்பிய அப்பா முதல் வேலையாக எல்லோருக்கும் ரப்பர் கையுறை வாங்கவைத்தார். அதோடு விடவில்லை. "மூத்திரம் செவப்பாப் போனா சாயம்னு நெனைக்காதீங்க" என்று டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஆண்கள் சிரித்தார்கள். முதலாளி அவரைக் கூப்பிட்டு, இப்படிப் பேசினால் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்றார். "ஆளுக உசுரோட இருந்தாத்தானுங்க வேலைக்கு வருவாங்க" என்று அப்பா பதில் சொன்னார். முதலாளியும், சரி, ஒரு நாள் எல்லோரையும் நிறுத்தி முறையாகச் சொல்லுங்கள் என்றார்.

அப்பா என்னைக் கூட்டிப்போனார். சாயப்பட்டறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. தரையெல்லாம் ஈரம், ஆவியில் எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கையைத் துடைத்தபடி வந்து நின்றார்கள். அப்பா என் தோளில் கை வைத்தார்.

"என்ற புள்ளைங்க. ஒடம்பு எப்படிச் சண்டை போடுதுன்னு படிக்குது. என்னை நிக்கவெச்சது இதுதான். சித்தெ கேளுங்க."

வகுப்பில் எழுந்து பேசவே கூச்சப்படுகிறவள், அத்தனை ஆண்களுக்கு முன்னால் சிறுநீர்ப்பையைப் பற்றிப் பேசினேன். ரத்தம் ஒரே ஒரு தடவை போய் நின்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள், சீக்கிரம் வந்தால் சுரண்டியே எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். அப்புறம் துண்டைப் பதித்துக் காட்டும் செல், நின்று பார்க்கும் டி செல், ஆபத்துச் சைகை எல்லாம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பேசி முடிக்கையில் என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது.

சாயத்தை எடைபோட்டுக் கொடுக்கிற பாய் ஒருவர் அங்கே இருந்தார். அப்பா வயதுதான் இருக்கும். எல்லோரும் கலைந்த பிறகு தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏம்மா, போன மாசம் எனக்கு ஒரு தடவை போச்சு. அப்பறம் இல்ல. பாக்கணுங்களா?"

"பாக்கணுமுங்க" என்று அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மறுநாளே அப்பா அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். ஒரே ஒரு சின்னக் கட்டி. சுரண்டி எடுத்ததோடு சரி, மறுபடி வரவே இல்லை. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அவர் வீட்டுப் பிரியாணி எங்களுக்கு வந்துவிடும். சில வருடம் கழித்து, துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களே சில சாயங்கள் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தபோது, ஊரில் பலர் முனகினார்கள். அப்பா முனகவில்லை. கையுறையோடு உட்கார்ந்து புதிய சாயங்களில் அதே நிறங்களைக் கொண்டுவரப் பழகிக்கொண்டார்.

நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அப்பா கேட்ட கேள்வியைத்தான் என் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டேன். புற்றுச் செல்லின் துண்டுகளைக் காட்டுகிற செல்லை எப்படி விழிக்கச் செய்வது என்பதில் தொண்ணூறுகளின் பிற்பாதி முழுவதும் போனது. வெளியூர். ஞாயிறுதோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசுவேன். அப்பா நலம் விசாரித்ததும் வேலையைப் பற்றித்தான் கேட்பார்.

ரத்தத்திலிருந்து நானே வளர்த்த டென்ட்ரிடிக் செல்களுக்குப் புற்றுச் செல்லின் சிதறல்களைக் கொடுத்து, டி செல்களோடு சேர்த்துவிட்டுக் காத்திருந்தேன். ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தபோது முதல்முதலாக அது தெரிந்தது. நடுவில் கை நீட்டிக்கொண்டு ஒரு செல். அதைச் சுற்றி உருண்டை உருண்டையாக டி செல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கமுடியாமல் அன்றைக்கே போன் செய்தேன்.

"அப்பா, பார்த்துட்டனுங்க. நெசமாலுமே சுத்தி நிக்குதுங்க."

அப்பா ரிசீவரை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை பேரு நின்னாங்க?"

"எண்ணலீங்கப்பா."

"எண்ணிப்போட்டுச் சொல்லு சாமி. பாய்கிட்டச் சொல்லோணும்."

போனை வைத்துவிட்டு மறுபடி ஆய்வகத்துக்கு நடந்தேன்.